புத்தகப் பையின் கனம் குறைய இ-ரீடர் உதவுமா? பெற்றோர் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். பெற்றோர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் பையின் கனம் பற்றிய பேச்சு வந்துவிடும். சில வருடங்களாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "ஒரு கிண்டில் வாங்கிக் கொடுத்துட்டா புத்தகமே தேவைப்படாதே?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இ-ரீடர், அதாவது கிண்டில்போல மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி, உதவும். ஆனால் அச்சுப் புத்தகத்தைத் தூக்கி எறிவதற்கு அல்ல, வீட்டில் இருக்கும் இரண்டாம் பிரதியாக. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி வீட்டில் என்றால் நடுவில் பிள்ளை எதையும் சுமக்க வேண்டியதில்லை. அதுவும் மற்ற சில விஷயங்களைச் சரிசெய்த பிறகுதான் பலன் தரும்.

பை எவ்வளவு எடை இருக்கலாம்? இதற்கு விதி ஏதாவது உண்டா?

உண்டு. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2020-ல் பள்ளிப் பை கொள்கையை வெளியிட்டது. பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைப் பை தாண்டக்கூடாது என்பது அதன் அடிப்படை. மழலையர் வகுப்புக்குப் பையே கூடாது. 1, 2-ம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, 3 முதல் 5 வரை 1.7 முதல் 2.5 கிலோ, 6, 7-க்கு 2 முதல் 3 கிலோ, 8-க்கு 2.5 முதல் 4 கிலோ. 9, 10-க்கு 2.5 முதல் 4.5 கிலோ, 11, 12-க்கு 3.5 முதல் 5 கிலோ.

இதற்கு முன்பே, 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஓர் உத்தரவு பிறப்பித்தார். 1, 2-ம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடையைக் குறைக்க மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு அறிவுறுத்த வேண்டும் என்று அதில் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. பள்ளி வாசலில் நின்று பையை எடை போட்டுப் பார்ப்பவர்தான் இல்லை.

எங்கள் பிள்ளையின் பையில் அப்படி என்னதான் கனக்கிறது?

ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பை ஒன்றைத் தரையில் கொட்டிப் பார்ப்போம். புத்தகத்தின் எடையைத் தராசு இல்லாமலே கணக்குப் போட்டுவிடலாம். தாளுக்கு ஜி.எஸ்.எம். என்றொரு அளவு உண்டு. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம், 80 ஜி.எஸ்.எம். தாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு தாள் சுமார் மூன்றரை கிராம். 200 பக்கம் என்றால் 100 தாள், அதாவது 350 கிராம். அட்டையையும் சேர்த்தால் 370. ஐந்து பாடத்துக்கு ஏறக்குறைய 1.8 கிலோ.

அடுத்து நோட்டு. 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று கால் கிலோவுக்கு மேல் வரும். வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, டெஸ்ட் நோட்டு, ரஃப் நோட்டு என்று பாடத்துக்கு ஒன்றுக்கு மேல் போய்விடும். ஏழு நோட்டு இருந்தாலே 1.9 கிலோ. பாடப் புத்தகத்தின் எடையை நோட்டு தாண்டிவிட்டது, பாருங்கள்.

தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. ஸ்டீல் பாட்டிலின் எடை தனி. சாதத்தோடு டிபன் பாக்ஸ் 600, 700 கிராம். ஜாமெட்ரி பாக்ஸ், டைரி, கலர் பென்சில், கைடு ஏதாவது இருந்தால் அது. வெறும் பையே முக்கால் கிலோ இருக்கும். தோள்பட்டையில் தடித்த பஞ்சும் நான்கைந்து ஜிப்பும் வைத்த பை என்றால் இன்னும் கூடும். எல்லாம் கூட்டினால் ஆறரை கிலோவைத் தாண்டும். அந்த வகுப்புக்கு விதித்த உச்ச அளவே 3 கிலோதான்.

மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டைக்கும் தோளுக்கும் நடுவே இரண்டு கட்டைவிரலையும் செருகிக்கொண்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, படியைப் பார்த்தபடியே ஏறுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. சுமை தானாகக் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

அப்படியானால் இ-ரீடர் வாங்கினால் எவ்வளவு குறையும்?

2022-ல் வந்த சாதாரண 6 அங்குல கிண்டில் 158 கிராம். உறையும் போட்டால் முந்நூறுக்குள் அடங்கும். புத்தகத்துக்குப் பதில் கருவியையே பையில் வைத்தால், மேலே சொன்ன கணக்கில் 1.8 கிலோ புத்தகம் போய் 0.3 கிலோ கருவி வருகிறது. மிச்சம் ஒன்றரை கிலோ. நல்ல குறைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பை அப்போதும் ஐந்து கிலோவுக்கு மேல்தான் இருக்கும். நோட்டையும் தண்ணீரையும் தொடாமல் புத்தகத்தை மட்டும் எடுத்தால் விதி சொல்லும் அளவுக்கு வரவே முடியாது. இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இ-ரீடரும் டேப்லெட்டும் ஒன்றுதானே?

இல்லை. டேப்லெட் திரை பின்னாலிருந்து ஒளி வீசும். வீடியோ, விளையாட்டு, இணையம் எல்லாம் ஓடும். இ-ரீடரில் இருப்பது மின்மை (இ-இங்க்) திரை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கும். மின்சாரம் தள்ளும் திசைக்கு ஏற்ப ஏதாவது ஒன்று மேலே வந்து நிற்கும். முக்கியமாகப் பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும் என்பதால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும். வெயிலில் வைத்துப் படித்தாலும் தெளிவாகத் தெரியும்.

டேப்லெட் கொடுத்த ஊர்களின் கதை வேறு. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-ல் மாணவர்களுக்கு ஐபேட் கொடுக்கத் தொடங்கியது. பாடத்தைத் தவிர எதையும் திறக்க முடியாதபடி போட்ட பூட்டை மாணவர்கள் சில நாளிலேயே கழற்றிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் 2011-ல் வந்த ஆகாஷ் டேப்லெட் நினைவிருக்கும். மலிவாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அழுத்தினால்தான் வேலை செய்யும் தொடுதிரையை வைத்தார்கள். படிக்க உட்கார்ந்த பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். இ-ரீடரில் கவனம் சிதற வழி குறைவு, அதனால்தான் படிப்புக்கு இரண்டில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நம் பாடநூல் அதில் ஒழுங்காகத் தெரியுமா?

கடையில் யாரும் சொல்லாத விஷயம் இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. அகலமும் உயரமும் பார்த்தால் ஏறக்குறைய 9 செ.மீ., 12 செ.மீ. நாம் எடுத்துக்கொண்ட புத்தகப் பக்கம் 18-க்கு 24. அதாவது பக்கம் சரிபாதியாகச் சுருங்கித்தான் திரைக்குள் நுழையும். 11 பாயிண்ட் அளவு எழுத்து ஐந்தரை பாயிண்டாகிவிடும். தமிழில் ஒற்றுப் புள்ளியும் கொம்பும் காலும் அந்த அளவில் மங்கிப் போகும். 'க' எது 'க்' எது என்று உற்றுப் பார்க்க வேண்டும். கருவியைப் படுக்கவைத்துப் பிடித்தால் எழுத்து சற்றுப் பெரிதாகும், ஆனால் ஒரு பக்கத்தைத் துண்டு துண்டாகத் தள்ளித் தள்ளித்தான் படிக்க முடியும். 10 அங்குலத் திரையில் இந்தத் தொல்லை இல்லை. பக்கம் 85 சதவீத அளவில் நிற்கும். ஆனால் அந்த அளவுக் கருவியின் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, எடையும் 400 கிராமை ஒட்டிப் போகும்.

"எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே?" என்பார்கள். நாவல், சிறுகதை போன்ற மின்னூலில் முடியும். கிண்டிலில் தமிழ் நூல்களை வெளியிடும் வசதி 2016-லிருந்தே இருக்கிறது. அந்தத் தமிழ் அழகாகவே தெரியும். பாடநூல் அப்படி வருவதில்லை, பி.டி.எஃப். ஆகத்தான் வருகிறது. அதில் எழுத்தும் படமும் அதனதன் இடத்தில் உறைந்திருக்கும். அதை உடைத்து வரிகளை மறுபடி அடுக்கும் மென்பொருள்கள் உண்டு. நிறையத் தமிழ் பி.டி.எஃப்.களில் அவை தோற்றுவிடும். காரணம், அந்தக் கோப்புகள் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சானவை அல்ல. பழைய எழுத்துரு முறையில், உள்ளே ஆங்கில எழுத்தின் குறியீடு, மேலே தமிழ் எழுத்தின் உருவம் என்று இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் பாடநூல் பி.டி.எஃப்.ஐ போனில் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வாய்ப்புண்டு. புரியாத எழுத்துக் கோவையாக வந்தால், உள்ளது உள்ளபடி படமாகத்தான் பார்க்க முடியும். சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. பாடநூல் தயாரிக்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் சரிசெய்து, யூனிகோடில், எழுத்தளவு மாற்றக்கூடிய மின்னூலாகவும் வெளியிட்டால் போதும். எந்தக் கருவியை இலவசமாகக் கொடுப்பதையும்விட அது பெரிய உதவி. இதை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்ணமும் ஒரு சிக்கல். சமூக அறிவியல் வரைபடத்தில் ஆறு நீலம், மலை பழுப்பு. லிட்மஸ் தாள் சிவப்பாகிறதா நீலமாகிறதா என்பதுதான் அந்தப் பாடமே. கறுப்பு வெள்ளைத் திரையில் எல்லாம் சாம்பல். வண்ண மின்மைத் திரை வந்துவிட்டது, ஆனால் நிறம் வெளிறித் தெரியும். 2018-19-ல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு இருக்கிறதே, அதை ஸ்கேன் செய்து வீடியோ பார்ப்பதும் இ-ரீடரில் நடக்காது.

கணக்குப் புத்தகத்துக்கு இன்னொரு தொல்லை: பயிற்சிக் கணக்கு ஒரு பக்கம், எடுத்துக்காட்டு நான்கு பக்கம் முன்னால், விடை புத்தகத்தின் கடைசியில். அச்சில் மூன்று இடத்திலும் விரலை வைத்துக்கொண்டு புரட்டுவார்கள். இ-ரீடரில் ஒவ்வொரு தாவலுக்கும் திரை ஒரு தடவை கறுத்து மீளும். ஆகவே மொழிப்பாடம், வரலாறு ஆகியவற்றுக்கு முதலில் பழகுங்கள். கணக்கு கடைசியில் போதும்.

பி.டி.எஃப். எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா?

மாநிலப் பாடத்திட்ட நூல்கள் தமிழ்நாட்டு அரசின் இணையதளத்திலும் என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் அதன் சொந்தத் தளத்திலும் இலவசம். முழுப் புத்தகக் கோப்பு பெரிதாக இருந்தால் கருவி திணறும், பாடம் பாடமாகப் பிரித்து ஏற்றுங்கள். தனியார் பதிப்பகங்களின் புத்தகம் வேறு கதை. அவற்றை யாரோ ஸ்கேன் செய்து குழுவில் போட்டால் எடுத்துக்கொள்ளாதீர்கள், அது காப்புரிமை மீறல்.

வெளிநாட்டில் புத்தகத்தையே ஒழித்துவிட்டார்களாமே?

முயற்சி செய்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டர் உயர்நிலைப் பள்ளி 2010-ல் தன் மாணவர் அனைவருக்கும் கிண்டில் கொடுத்தது. தென்கொரியா 2011-ல், 2015-க்குள் எல்லாப் பாடநூலும் மின்வடிவாகும் என்று அறிவித்தது, நடக்கவில்லை. பிறகு 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்தார்கள். அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றின் பாடநூல் தகுதியை நீக்கித் துணைக் கருவி என்ற இடத்தில் வைத்தது.

சுவீடன் முன்னதாகவே திரைக்கு மாறிய நாடு. அங்கே 2023-ல் அரசு திரும்பி அச்சுப் புத்தகத்தின் பக்கம் வந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் பள்ளிகள் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது. வசதியும் இணையமும் மின்சாரமும் குறைவில்லாத நாடுகளே புத்தகத்தைக் கைவிட முடியாமல் திரும்பியிருக்கின்றன. இதனால்தான் இ-ரீடரை இரண்டாம் பிரதியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

திரையில் படித்தால் மனதில் நிற்குமா?

2018-ல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள், அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அவற்றில் மொத்தம் 1,70,000 பேருக்கு மேல் பங்கேற்றிருந்தார்கள். பாடம், தகவல் போன்றவற்றைப் படிக்கும்போது அச்சில் படித்தவர்களுக்கே சற்றுக் கூடுதலாகப் புரிந்திருந்தது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கதை படிப்பதில் அந்த வேறுபாடு தெரியவில்லை. அந்த ஆய்வுகள் எல்லாவகைத் திரையையும் பற்றியவை, மின்மைத் திரையை மட்டும் பற்றியவை அல்ல.

வகுப்பறையில் இதை இப்படிக் கொண்டுவரலாம்: அன்றாட வாசிப்பு, நாளைய பாடத்தை ஒரு முறை பார்த்துவைப்பது, துணைப்பாடக் கதை, இவை இ-ரீடரில். தேர்வு வாரத்தில் எந்தப் பரீட்சையோ அந்த ஒரு புத்தகம் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகட்டும். ஒரு நாளில் ஒரு புத்தகம் யாருக்கும் பாரம் இல்லை.

கண் கெட்டுப்போகாதா?

மின்மைத் திரை காகிதம்போலத்தான். மேலே விழும் வெளிச்சத்தில் படிக்கிறோம், அதனால் கூச்சம் குறைவு. ஆனால் கிட்டப்பார்வை வருவது ஒளியால் மட்டும் அல்ல. நெருங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் படிப்பதும், வெளியில் வெயிலில் விளையாடாததும் முக்கியக் காரணங்கள். சின்ன எழுத்தைப் பார்க்கக் கருவியை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் கெடுதல்தான். முழங்கையை மடக்கிப் பிடிக்கும் தூரம் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் எழுத்து தெரியவில்லை என்றால் அந்தப் பாடத்துக்கு அந்தத் திரை பொருந்தவில்லை என்று பொருள், அச்சுப் புத்தகத்தையே கொடுங்கள்.

கனமான பையால் முதுகெலும்பு வளைந்துவிடும் என்கிறார்களே?

இங்கே பயமுறுத்தாமல் பேச வேண்டும். பள்ளிப் பையால் நிரந்தர முதுகு வலி வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று, 2018-ல் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொன்னது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் நோய் பையால் வருவதல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே உடல் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை ஏற்கலாம் என்கிறது.

அதற்காகச் சுமக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. தோள் வலியும், கழுத்துப் பிடிப்பும், மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிடும் களைப்பும் கண்முன்னால் இருப்பவை. பேருந்தில் நின்றுகொண்டு வரும் பிள்ளைக்கு அந்தப் பை ஆபத்தும்கூட. ஒரு குழந்தை தினமும் வலியோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்பதற்கு மருத்துவச் சான்று தேவையா?

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

9-ம் வகுப்புக்கு முன் வேண்டாம். சின்ன வகுப்பில் பிள்ளைகள் படத்தைத் தொட்டு, வண்ணம் தீட்டி, புத்தகத்திலேயே எழுதிப் படிக்க வேண்டும். மேல்வகுப்பில் புத்தகம் தடிமனாகிறது, வாசிப்பும் நீளமாகிறது. கருவி அங்கேதான் பயன் கொடுக்கும். 12 வரை ஒரே கருவி ஓடும், அதற்குப் பிறகு கல்லூரிக்கும் போகும்.

உடைத்துவிட்டால்?

உடையும், நம்பலாம். கானா நாட்டில் வேர்ல்டுரீடர் என்ற அமைப்பு 2010 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிண்டில் கொடுத்து நடத்திய சோதனைத் திட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீதக் கருவிகள் உடைந்துபோயின. பெரும்பாலும் திரைதான். வாசிப்பு ஆர்வம் கூடியது என்பதும் அதே திட்டத்தில் தெரிந்தது. திரையின் அடிப்பகுதி மெல்லிய கண்ணாடி. பையில் டிபன் பாக்ஸுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் நடுவில் நசுங்கினால் ஒரே நாள்தான். திரை மாற்றும் செலவைக் கேட்டால் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று தோன்றும். வீட்டை விட்டு வெளியே போகாத கருவிக்கு இந்தப் பயம் இல்லை. இரண்டாம் பிரதி யோசனைக்கு இதுவும் ஒரு காரணம்.

இ-ரீடர் வாங்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது?

என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இந்த நிலைதான். ஆகவே இதை ஓரமாகத் தள்ள மாட்டேன்.

ஒரு செட் பாடநூலின் விலை, இ-ரீடர் விலையில் சிறு பகுதிதான். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் முதல் செட் இலவசமாகவே வந்துவிடுகிறது. போன வருடம் அதே வகுப்பு முடித்த அக்காவிடமோ பக்கத்து வீட்டு அண்ணனிடமோ பழைய புத்தகம் இருக்கும். பாடத்திட்டம் மாறாதவரை அதுதான் மிகச் சிறந்த இரண்டாம் பிரதி. சில இடங்களில் திருத்தம் வந்திருக்கும், புதுப் புத்தகத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் புத்தகங்களைத் திரும்ப வாங்கி, அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்கு வகுப்பறைப் பிரதியாக அடுக்கி வைக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழு எடுத்துச் செய்தால் எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. வசதி உள்ளவர் மட்டும் வெறுங்கையோடு வருவதும் மற்றவர் மூட்டையோடு வருவதுமான ஏற்பாடு எதையும் நான் ஏற்க மாட்டேன்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு?

இங்கே மட்டும் என் பேச்சு மாறும். குறைந்த பார்வை உள்ள பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தரும் கருவி, வகுப்பு எதுவானாலும் வீட்டிலும் பள்ளியிலும் கூடவே இருக்கட்டும். பெரிய எழுத்து அச்சுப் பிரதியும் பிரெய்ல் நூலும் பல தொகுதிகளாகப் போய்விடும். அந்தப் பிள்ளையின் சுமைதான் வகுப்பிலேயே அதிகம். ஆனால் எல்லாக் கருவியும் உதவாது. 2009-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூலுக்குக் கிண்டில் டி.எக்ஸ். கொடுத்தபோது பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குப் போட்டன. நூலை உரக்க வாசிக்கும் வசதி அதில் இருந்தது, ஆனால் அதை இயக்கும் மெனு பேசவில்லை. திரைவாசிப்பு மென்பொருள் இயங்கும் கருவியா என்று முதலில் பாருங்கள். 2012-ல் திருத்திய நம் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அவர்கள் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. பள்ளி காப்புரிமையைச் சொல்லி மறுக்க முடியாது.

கருவி இல்லாமலே கனத்தைக் குறைக்க வழி உண்டா?

நிறைய உண்டு. இந்தப் பேச்சே இன்றைக்கு நேற்று தொடங்கியதல்ல. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, தன் முதல் உரையிலேயே குழந்தைகளின் புத்தகச் சுமையைப் பற்றித்தான் பேசினார். பின்னர் அமைந்த பேராசிரியர் யஷ்பால் குழு 1993-ல் அறிக்கை கொடுத்தது. முதுகில் ஏறும் சுமையைவிடப் புரியாமல் படிப்பதன் சுமை கொடியது என்பது அதன் சாரம்.

தமிழ்நாடு 2012-13-ல் 1 முதல் 8 வரை முப்பருவ முறையைக் கொண்டுவந்தது. ஆண்டு முழுதுக்குமான புத்தகத்தை மூன்றாகப் பிரித்து, தமிழும் ஆங்கிலமும் ஒரு தொகுதி, கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் ஒரு தொகுதி என்று கொடுத்தார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் புத்தகச் சுமை ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்கானது. வேறு பாடநூல் வைக்கும் பள்ளிகளும் தைத்த புத்தகத்தைப் பருவவாரியாகப் பிரித்து பைண்டு செய்துகொள்ளலாம். அக்கம்பக்கத்து பைண்டிங் கடையில் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது டைம் டேபிள். பிள்ளைகள் ஏன் எல்லாப் புத்தகத்தையும் கொண்டுவருகிறார்கள் தெரியுமா? டைம் டேபிளை நம்ப முடியாததால். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார், தமிழாசிரியர் விடுப்பு என்றால் அறிவியல் நடக்கும். புத்தகம் இல்லாவிட்டால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். எதற்கு வம்பு என்று பிள்ளை எல்லாவற்றையும் திணித்துக்கொள்கிறது. பீரியடை மாற்றினால் புத்தகம் கேட்கக்கூடாது என்று தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கிலோ குறையும்.

நோட்டுக்கு: 192 பக்கத்துக்குப் பதில் 80 பக்க நோட்டு, முடிந்ததும் அடுத்தது. தண்ணீருக்கு: பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் காலி பாட்டில் போதும். 2020 கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. சக்கரம் வைத்த பை வாங்காதீர்கள், படியேறும்போது தடுக்கிவிடும் என்று அதே கொள்கை எச்சரிக்கிறது.

பள்ளியில் எப்படிக் கேட்பது?

தனியாகப் போனால் "எல்லாரும் தூக்கிட்டுத்தானே வர்றாங்க" என்று முடித்துவிடுவார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். போகும் முன் மூன்று நாள் காலையில் பையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பையை மாட்டிக்கொண்டு ஒரு தடவை, மாட்டாமல் ஒரு தடவை எடை இயந்திரத்தில் நின்றால் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளையும் வகுப்புக்கான விதி எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். வகுப்பறையில் ஓர் அலமாரி. புத்தகத்தை அங்கே வைத்துவிட்டுப் போக அனுமதி. மாற்றாத டைம் டேபிள். பள்ளியில் ஓர் எடை இயந்திரம், இதுவும் கொள்கையில் உள்ளதுதான். வீட்டில் இ-ரீடரிலோ பழைய பிரதியிலோ படித்தால் போதும் என்று டைரியில் வகுப்பாசிரியரின் ஒரு கையெழுத்து. அலமாரிக்கு இடமில்லை என்று சொன்னால், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரோரமாக இரண்டு பலகை அடித்தால் நாற்பது பேர் புத்தகம் நிற்கும் என்று அளந்து காட்டுங்கள். பலகைச் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளத் தயார் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.